முப்பத்தைந்து சதவீத அப்பா

அம்மா பஸ் ஏறிவிட்டாள் என்று தம்பி ஆதவன் போனில் சொன்னதிலிருந்து இனியாவுக்கு நாற்காலியில் இருப்புக் கொள்ளவில்லை. கீழ்பென்னாத்தூரிலிருந்து திருவண்ணாமலை வர முக்கால் மணி நேரம். எழுந்து ஜன்னலருகே போனாள். கீழே செங்கம் ரோட்டில் வெயில் காய்ந்தது. செருப்பில்லாத வெள்ளைக்காரர் ஒருவர் இளநீர்க்காரரிடம் தமிழில் பேரம் பேசிக்கொண்டிருந்தார். இரண்டு நிமிடம் அதைப் பார்த்துவிட்டு மறுபடி வந்து உட்கார்ந்தாள். திரையில் அப்பா நின்றுகொண்டிருந்தார்.

அப்பா என்றால், அப்பா மாதிரி. ஆதவனும் அவன் மனைவி தென்றலும் மாலையும் கழுத்துமாகக் கைகூப்பித் தலைகுனிந்திருக்க, அவர்களுக்குப் பின்னால் புகைபோல ஓர் உருவம். வெள்ளைச் சட்டை. முகத்தில் ஒரு வெளிச்சம் பூசி, கண்ணும் மூக்கும் தெரியாமல் செய்திருந்தாள். உருவத்தின் ஊடாகப் பின்னால் தொங்கும் சாமந்திச் சரங்கள் தெரிந்தன. உருவத்தின் அடர்த்தி முப்பத்தைந்து சதவீதம். நாற்பது வைத்தால் ஆள் கனத்துவிடுகிறார், முப்பது வைத்தால் காணாமல் போகிறார்.

"இதோட நாலாவது டீ" என்றான் பாலாஜி. ஸ்டுடியோ அவனுடையது, கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டுவது இனியா. "ரெண்டு பேர் இருக்கற கடையில ஆளு ஜாஸ்தி ஆயிட்டாங்களானு டீக்கடைக்காரர் கேக்கறாரு."

"இன்னொண்ணு சொல்லு. அம்மாவுக்கும் சேத்து."

இது ஆதவன் கல்யாணத்துக்கு முன்பே அம்மா கேட்ட வரம். சொந்தத்தில் ஒரு கல்யாண வீடியோவில், செத்துப்போன அம்மாக்காரி மேடைக்கு வந்து மகளை ஆசீர்வதித்துவிட்டுக் கரைந்து போனாளாம். பார்த்தவர்களெல்லாம் அழுதார்களாம். "ஊருக்கெல்லாம் பண்றியே, உங்கப்பாவ ஒரு தரம் கொண்டாந்து நிறுத்த மாட்டியா?" என்றாள் அம்மா. அப்பா அறிவுச்செல்வன் போய் மூன்று வருடமாகிறது. இனியா முதலில் பழைய போட்டோ ஒன்றை வெட்டி அசைத்துக் காட்டினாள். அம்மா பார்த்த மாத்திரத்தில் உதட்டைப் பிதுக்கினாள். "கட்சிக்காரன் கட்-அவுட் மாதிரி இருக்குது. அவரு நடந்து வரணும்."

நடந்து வர ஓர் உடம்பு வேண்டும். அப்பாவின் சட்டையைப் பாலாஜிக்குப் போட்டுப் பார்த்தாள். கொடியில் காயப் போட்டது போலிருந்தது. அந்த உயரம், அந்த வயிறு, அந்த நெற்றி ஏறிய தலை, எல்லாம் இருந்த ஆள் உலகத்தில் ஒருவர்தான். அப்பாவின் தம்பி வேணு.

அவர் பெயரை வீட்டில் யாரும் சொல்வதில்லை. அப்பாவுக்கு நெஞ்சு வலி வந்த விடியற்காலையில், அடுத்த தெருவில் வேன் வைத்திருக்கும் சித்தப்பாவுக்கு அம்மா பதினோரு தடவை போன் போட்டாள். எடுக்கவில்லை. ஆட்டோ தேடிப் பிடித்து ஆஸ்பத்திரி போவதற்குள் அப்பா ஆட்டோவிலேயே போய்விட்டார். அதற்கு முந்தின இரவு பௌர்ணமி. கிரிவலத்துக்கு வந்தவர்களை விடிய விடிய ஏற்றி இறக்கிவிட்டு, வேனுக்குள்ளேயே செத்தவர் போலத் தூங்கியிருக்கிறார் சித்தப்பா. எழவுக்கு ஓடிவந்தவரை அம்மா வாசலிலேயே மறித்தாள். "போன எடுக்காத கையால அவரத் தொடாத!" அன்றைக்குத் திரும்பிப் போனவர்தான். ஆதவன் கல்யாணத்துக்கு அவர் வீட்டுக்குப் பத்திரிகையும் போகவில்லை.

முகூர்த்தம் முடிந்ததும் ஆதவனையும் தென்றலையும் மேடையில் சும்மா கைகூப்பி நிற்கச் சொன்னாள் இனியா. "பின்னாடி யாருமே இல்ல, யாருக்கு இந்தக் கும்பிடு?" என்று அத்தைமார்கள் சிரித்தார்கள். கேமரா ஸ்டாண்டை அரை அங்குலமும் நகர்த்தக் கூடாது என்பதால், பாலாஜி பந்திக்கும் போகாமல் அதன் காலடியில் உட்கார்ந்திருந்தான். எல்லோரும் பெண்வீட்டுக்குக் கிளம்பியபின், பிறகு ஆளை வெட்டியெடுக்க உதவும் என்று வெறும் மேடையை ஒரு நிமிடம் எடுத்தார்கள். பிறகு சமையல்கட்டு வழியாக சித்தப்பா வந்தார்.

அப்பாவின் சட்டையைக் கையில் வாங்கியவர் உடனே போட்டுக்கொள்ளவில்லை. காலரைத் திருப்பிப் பார்த்தார். "பாப்பா, நான் இன்னா பண்ணணும்?"

"அந்தப் பக்கமா வாங்க, நடுவுல டேப் ஒட்டின இடத்துல நில்லுங்க. கைய ஒசத்தி ஆசீர்வாதம் பண்ணிட்டு, இந்தப் பக்கமா போயிடுங்க. அவ்ளோதான் சித்தப்பா."

வந்தார், நின்றார், வலது கையை உயர்த்தினார். இறக்கவில்லை. "போதும் சித்தப்பா" என்றாள் இனியா. கேட்டதாகத் தெரியவில்லை. ஆளில்லாத மேடையில், இல்லாத இரண்டு தலைகளுக்கு மேல் அந்தக் கை நாலு நிமிடம் நடுங்கிக்கொண்டே நின்றது.

அதில் பத்து விநாடியை எடுத்து, ஆளை மட்டும் வெட்டி, மணமக்களுக்குப் பின்னால் வைத்து மங்கலாக்கியபோதுதான் வினை தெரிந்தது. அப்பா முப்பது வருடம் பஸ் கண்டக்டர். பை மாட்டி மாட்டி இடது தோள் இறங்கிப்போனவர். சித்தப்பாவோ புளியமரத்திலிருந்து விழுந்து வலது தோள் இறங்கியவர். நடை ஒன்றேதான், சாய்மானம் எதிர்ப்பக்கம். அம்மா கண்ணுக்கு அது தப்பவே தப்பாது. இனியா இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டாள். பிறகு உருவத்தைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல இடம் வலமாகத் திருப்பிப் போட்டாள். ஒரே சொடுக்கு. சித்தப்பா அப்பாவாகிவிட்டார். வலப்பக்கம் போய்விட்ட சட்டைப் பையை மட்டும் தேய்த்து அழித்தாள்.

மாடிப்படியில் அம்மாவின் மூச்சிரைப்புக் கேட்டது.

அம்மா சரோஜா உட்கார்ந்ததும் தண்ணீர்கூடக் கேட்கவில்லை. "போடு. நாளைக்கு சம்பந்தி வீட்டுக்காரங்க வராங்க. டிவியில போட்டுக் காட்டறேன்னு சொல்லிட்டேன்."

இனியா போட்டாள். மேடை. பிள்ளைகள். வலது ஓரத்திலிருந்து வெள்ளையாக ஒன்று மிதந்து வந்தது. அம்மாவின் வாய் மெல்லத் திறந்தது. நாற்காலியோடு முன்னால் நகர்ந்து, திரையில் அந்த இறங்கிய தோளின் மேல் விரலை வைத்தாள்.

"பை மாட்டின தோளு" என்றாள். அவ்வளவுதான் சொல்ல முடிந்தது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். "யாருடி நடந்தது?"

"ஸ்டுடியோ ஆளு ஒருத்தரு."

"நல்லாருக்கட்டும். இன்னொரு வாட்டி போடு."

போட்டாள். மூன்றாம் தரமும் போட்டாள். இனியாவின் நெஞ்சுக்குள் கட்டியிருந்த கயிறு ஒவ்வொரு சுற்றாக அவிழ்ந்தது. நாலாம் தரம் பாதியில் அம்மாவின் அழுகை சட்டென்று நின்றது.

"நிறுத்து. இது இன்னாடி? எடது கை!"

இனியா பார்த்தாள். ஒன்பது நாளாகத் தோளையே பார்த்துக்கொண்டிருந்தவள், கையைப் பார்க்கவே இல்லை.

"கல்யாண மேடையில பெத்த புள்ளைக்கி எடது கையால ஆசீர்வாதமா? சம்பந்தியம்மா பாத்தா காறித் துப்புவாங்க. உங்கப்பா சில்லறையக்கூட எடது கையால குடுக்க மாட்டாரு!"

"அது... சரி பண்ணிடறேன்மா. நைட்டு உக்காந்து பண்ணி, காலையில அனுப்பறேன்." கையை அழித்துவிடலாமா? அழித்தால் ஆசீர்வாதம் ஏது? மறுபடி எடுக்கலாமா? அந்த மேடையை அன்றைக்கே பிரித்தாகிவிட்டது.

"நைட்டு எதுக்கு?" டீத் தட்டோடு உள்ளே வந்த பாலாஜி நல்ல பிள்ளையாகச் சொன்னான். "இனியா திருப்பித்தான் போட்டிருக்கா, அத மறுபடி திருப்பினா ஆச்சு. ஒரே க்ளிக்குமா."

இனியா அவனைப் பார்த்த பார்வையில் டீ ஆறியிருக்க வேண்டும். அவனுக்கு என்ன தப்பு செய்தோம் என்று விளங்கவில்லை. தட்டை வைத்துவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று வெளியே போய்விட்டான்.

"பண்ணேண்டி" என்றாள் அம்மா.

"அது அவ்ளோ நல்லா இருக்காதும்மா."

"பண்ணு."

சொடுக்கினாள். உருவம் இப்போது இடது ஓரத்திலிருந்து வந்தது. வலது கை சரியாகப் பிள்ளைகளின் தலைக்கு மேல் உயர்ந்தது. வலது தோள் இறங்கியிருந்தது.

அம்மாவின் பார்வை கையிலிருந்து அந்தத் தோளுக்கு இறங்கியது. இனியா மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். அம்மா எழுந்து போய்விடுவாளா, திரையை உடைப்பாளா, எல்லோருக்கும் போன் போட்டு அழுவாளா? மூன்று வருடம் கட்டிக்காத்த கோபத்தின் நடுவில் மகளே கொண்டுபோய் அந்த ஆளை நிறுத்தியிருக்கிறாள், அதுவும் புருஷனின் சட்டையைப் போட்டு.

"வேணு" என்றாள் அம்மா.

"நான்தாம்மா கூப்ட்டேன். அவரா வரல. சமையக்கட்டு வழியா வந்துட்டு, அப்பிடியே போயிட்டாரு."

"சாப்ட்டானா?"

இனியாவுக்குக் கேள்வி புரியச் சற்று நேரமானது. "இல்ல. இலை போடச் சொல்றேன்னேன். வேணாம்னுட்டாரு."

அம்மா டீயைக் கையில் எடுத்தாள், குடிக்காமல் வைத்தாள். "இதுக்கு முன்னாடி, பின்னாடி இருக்குமே. வெட்டாதது. அதப் போடு."

இனியா போட்டாள். மணமக்கள் இல்லை, மினுக்கு வேலை இல்லை. வெறும் மேடையில் ஒரு மனிதர் கையைத் தூக்கி நின்றார். 'போதும் சித்தப்பா' என்று இனியாவின் குரலே ஸ்பீக்கரில் கேட்டது. அவர் அசையவில்லை. ஒரு நிமிடம். இரண்டு. மூன்றாவது நிமிடத்தில் இடது கை வந்து வலது முழங்கையைத் தாங்கிக்கொண்டது. நாலு நிமிடமும் அம்மா அந்தக் கையையே பார்த்தாள்.

வெளியே பஸ் ஒன்று ஹாரனை அழுத்திக்கொண்டே போனது.

"பழையதுக்குப் போ" என்றாள். "புள்ளைங்க இருக்கறதுக்கு."

மேடை திரும்பியது. ஆதவன், தென்றல், பின்னால் புகை.

"இவ்ளோ கம்மியா வச்சா கண்ணுக்கே தெரியலியே. இன்னும் கொஞ்சம் தெரியற மாதிரி வை."

இனியா அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. ஐம்பதுக்கு நகர்த்தினாள்.

"இன்னும்."

எழுபது. சாமந்திச் சரங்கள் சட்டைக்குப் பின்னால் மறைய ஆரம்பித்தன. அழித்த பை இருந்த இடத்தில் துணி வெறுமையாகத் தெரிந்தது.

"மூஞ்சில இன்னாடி அது, ட்யூப் லைட்டு? எடு."

இனியா வெளிச்சத்தை எடுத்தாள். விரல் சற்றுத் தயங்கி, எண்பதைக் கடந்து, தொண்ணூறைக் கடந்து, கோட்டின் கடைசியில் நூறில் போய் முட்டியது. திரையில், தலைகுனிந்த பிள்ளைகளுக்குப் பின்னால், முகம் கசங்கி, அண்ணன் சட்டையில் வியர்த்து, நல்ல பகல் வெளிச்சத்தில் ஓர் ஆள் நின்றுகொண்டிருந்தார். அவருடைய கை ஆதவனின் தலைமுடியைத் தொடுவதற்கு ஒரு விரற்கடைதான் இருந்தது.