நம்ம புள்ள வண்டி

ஷூ கம்பெனியில் தையல் லைன் சூப்பர்வைசராக இருப்பவளுக்குத் தொண்டைக்குப் பஞ்சமில்லை. நூறு மெஷின் இரைச்சலுக்கு மேலே கத்திப் பழகியவள் நான். அதனால்தான் என் தம்பி நவநீதன், "கார் ரேலிக்கு மார்ஷல் தேவைப்படுதுக்கா. ஜனங்கள ஒதுக்கி நிறுத்துற வேல. உன் வாய்க்கு ஏத்தது" என்று கேலி பண்ணி என்னையும் இழுத்துவிட்டான். பயிற்சிக்குப் போனேன். ஆரஞ்சு நிறச் சட்டையும் விசிலும் வாக்கி டாக்கியும் கொடுத்தார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நாட்றம்பள்ளிக்கு அப்பால், எங்கள் ஊர் மலையடிவார மண் ரோட்டில்தான் கடைசிச் சுற்று. கார்களை ஒன்றாக விடமாட்டார்கள். இரண்டிரண்டு நிமிடம் விட்டு ஒவ்வொன்றாக அனுப்புவார்கள். யார் குறைந்த நேரத்தில் கடக்கிறாரோ அவர் ஜெயித்தவர். தம்பி ஆம்பூரில் மெக்கானிக். பழைய வண்டி ஒன்றை வாங்கி ஒரு வருஷம் ராப்பகலாகத் தட்டிக்கொட்டி ஓட வைத்திருந்தான். அவன் பிரிவில் முதல் மூன்று இடத்துக்குள் வந்தால் அடுத்த வருஷம் தங்கள் காரையே ஓட்டக் கொடுப்பதாக ஒரு சென்னை டீம் சொல்லியிருந்தது. காலைச் சுற்றுகள் முடிந்தபோது நான்காவதாக இருந்தான். மூன்றாவது இடம் எட்டிப் பிடிக்கிற தூரம்தான். கடைசிச் சுற்றோ சொந்த ஊர் ரோடு.

என் இடம் மாந்தோப்புத் திருப்பம். திருப்பத்தின் வெளிப்பக்கம் விசாலமான வெட்டவெளி. வண்டி தவறினால் அந்தப் பக்கம்தான் பாயும். அதனால் அங்கே ஈ, காக்கை நிற்கக் கூடாது என்பது விதி. நாடா கட்டி, எல்லோரையும் உள்பக்கத்து மேட்டில் ஏற்றினேன். ஊரே திரண்டிருந்தது. அம்மாவும் மஞ்சள், குங்குமக் கிண்ணத்தோடு வந்திருந்தாள்.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு எருது விடும் திருவிழா என்றால் உயிர். காளை தெருவில் பறந்து வரும். ஆண்கள் இரண்டு பக்கமும் நெருக்கிக்கொண்டு நிற்பார்கள். கிட்டே வந்ததும் அரையடி ஒதுங்கி, போகிற மாட்டின் முதுகில் ஒரு தட்டுத் தட்டுவார்கள். தட்டாவிட்டால் திருவிழா பார்த்த மாதிரியே இல்லை அவர்களுக்கு. பெண்கள் மாடியில் நின்று பார்ப்போம். மாந்தோப்பில் மாடிக்கு எங்கே போவது?

அருணகிரி மாமாதான் கூட்டத்துக்குத் தலைவர். மூன்று ஊர்ப் பரிசு வாங்கிய காளை அவருடையது.

"இன்னா மோகனா, நாடாலாம் கட்டி ஜாஸ்தி பண்ற? வர்ற மாட்டுக்கு ஒதுங்கத் தெரிஞ்சவனுக்குக் காருக்கு ஒதுங்கத் தெரியாதா?"

"மாடு ஆளப் பாத்தா விலகும் மாமா. வண்டி சறுக்குச்சுன்னா ஓட்றவன் நெனச்சாலும் விலகாது."

"அதெல்லாம் தெரியாதவன் ஓட்டுனா. நம்ம புள்ள ஓட்டுனா?"

"ஆனைக்கும் அடி சறுக்கும் மாமா. மேல ஏறுங்க."

முணுமுணுத்துக்கொண்டே ஏறினார். முதல் வண்டி புழுதியைக் கிளப்பிக்கொண்டு சீறிப் போனதும் கூட்டம் வாயடைத்துப் போனது. அடுத்தடுத்த வண்டிகளுக்கு நான் விசில் ஊதவே வேண்டியிருக்கவில்லை. அவர்களே பின்வாங்கினார்கள். பரவாயில்லையே, திருந்திவிட்டார்களே என்று எனக்குப் பெருமைகூட வந்தது.

வாக்கி டாக்கியில் ஜெயசீலன் சார் குரல் கேட்டது. எங்கள் பகுதி முழுக்க அவர் பொறுப்பு.

"பதினேழு கெளம்பியாச்சு."

பதினேழு தம்பி வண்டி. என் முகத்தைப் பார்த்தே கூட்டம் புரிந்துகொண்டது. "நம்ம புள்ள வண்டிடா!" என்று யாரோ கத்தினார்கள். அவ்வளவுதான். மேட்டில் இருந்தவர்கள் மடமடவென்று இறங்கினார்கள். நாடா அறுந்தது. ரோட்டின் இரண்டு ஓரமும், நிற்கவே கூடாத அந்த வெட்டவெளியும் ஒரே ஜனம். முன்பின் தெரியாதவன் வண்டிக்குப் பயந்து ஒதுங்கியவர்கள் நம்ம பையன் நம்மை இடிப்பானா என்று கையை நீட்டிக்கொண்டு நின்றார்கள்.

விசில் ஊதினேன். கத்தினேன். மாமாவின் சட்டையைப் பிடித்து இழுத்தேன். செவிடன் காதில் ஊதிய சங்குதான். தூரத்தில் இன்ஜின் சத்தம் கேட்க ஆரம்பித்துவிட்டது.

வாக்கி டாக்கி பொத்தானில் விரல் இருந்தது. அழுத்தவில்லை. பொய் சொல்ல மாட்டேன், அந்த ஒரு நொடி தம்பி ஜெயிக்கட்டும் என்றுதான் மனசு அடித்துக்கொண்டது. எருது விடும் கூட்டத்தை எத்தனை வருஷம் பார்த்திருக்கிறேன், கடைசி நேரத்தில் ஒதுங்கிவிடுவார்கள், ஒன்றும் ஆகாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்போது ஒரு குழந்தை அப்பாவின் தோளிலிருந்து ரோட்டைப் பார்த்துக் கைதட்டியது. அழுத்திவிட்டேன்.

"சார், மாந்தோப்புல ஜனம் ரோட்டுல நிக்குது. நிறுத்துங்க சார், உடனே நிறுத்துங்க!"

"செவப்புக் கொடி! எல்லா போஸ்ட்டும் செவப்புக் கொடி!" என்று ஜெயசீலன் சார் வழிநெடுக நின்ற மார்ஷல்களுக்கு உத்தரவு போட்டார்.

இன்ஜின் சத்தம் சட்டென்று இறங்கியது. கொஞ்ச நேரத்தில் பதினேழாம் நம்பர் வண்டி மாட்டு வண்டி போல உருண்டு வந்தது. கூட்டத்துக்கு ஒரே குஷி. ஆளுக்கு ஒரு தட்டு பானெட்டில். அம்மா முன் கண்ணாடி ஓரத்தில் குங்குமமே வைத்துவிட்டாள். சுற்று ரத்து என்று நான் சொன்ன பிறகுதான் எல்லோருடைய முகமும் மாறியது.

"ரத்துன்னா, புள்ளைக்கு எடம்?" என்றார் மாமா.

"காலைல இருந்த எடம்தான். நாலாவது."

"சொந்த அக்காளே கால வாரிட்டாளேடா!"

அம்மா என் பக்கம் திரும்பினாள். "ஏண்டி, ஒரு வருஷமா சோறு தண்ணி இல்லாம கெடந்தானே, உன் கண்ணால பாத்தியே. உனக்கெப்படிடி மனசு வந்துச்சு?"

குனிந்து, அறுந்து கிடந்த நாடாவைச் சுருட்ட ஆரம்பித்தேன்.

தம்பி ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டு இறங்கினான். முகம் கன்றிப்போயிருந்தது.

"யார்க்கா நிறுத்துனது?"

"நாந்தான்."

"நல்லா பண்ணக்கா! ரொம்ப நல்லா பண்ண! நாலு பேர ஒதுக்கி நிறுத்த முடியல உன்னால? எங்கதான் நின்னாங்க அப்படி?"

நான் கை காட்டும் முன்பே அம்மா அந்த வெட்டவெளிக்கு நடந்து போனாள். புழுதியில் கிடந்த கிண்ணத்து மூடியை எடுத்துக்கொண்டு, "இங்கதான்டா நின்னேன். நீ திரும்பி வர்றது மொதல்ல என் கண்ணுல படணும்னு. இது ஒரு குத்தமா?" என்றாள்.

தம்பி அம்மா நின்ற இடத்தைப் பார்த்தான். பிறகு ரோட்டைப் பார்த்தான். அவன் முகத்தில் இருந்த கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. என் காதருகே வந்து கிசுகிசுத்தான்.

"இந்தத் திருப்பத்துல நான் பிரேக் போடறதாவே இல்லக்கா. வெளியூர்க்காரனுக்குத் தெரியாது, இந்த வெட்டவெளி கெட்டித் தரை. இதுல வண்டிய வுட்டுத் திருப்பினா மூணாவது எடம் நம்மளதுன்னு நேத்தே முடிவு பண்ணி வெச்சிருந்தேன்."

"இன்னாடா குசுகுசுன்னு பேசறீங்க?" என்றபடி அம்மா கிட்டே வந்தாள்.

தம்பி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டான்.

"வுட்றா, கை வலிக்குது" என்றாள் அம்மா.

அவன் விடவில்லை.