பொன்னுருக்குக்கு முதல் நாள்

கோசலைக்கு அலுத்துவிட்டது. பாரிஸின் தமிழ்க் கடைத்தெருவான ரூ து ஃபொபூர் சேன்-தெனியில் நடக்க நடக்கக் கால் பின்னுக்கு இழுத்தது. எல்லாம் அந்த நாசமாய்ப்போன கலியாணத் தரகன் வாமதேவனால் வந்த வினை.

நாலு வருடத்துக்கு முன் அவளுடைய மகள் நிரோஜினிக்கு யாழ்ப்பாணத்தில் எழுத்து நடந்தது. எழுத்து என்றால் பதிவு மட்டும்தான், தாலி ஏறவில்லை. விசா வருமுன்னே அந்தப் பெடியன் வேறொருத்தியோடு கனடா போய்விட்டான். விவாகரத்து எடுப்பதற்குள் தாய்க்கும் மகளுக்கும் சீவன் போய்விட்டது. அந்தச் சம்பந்தத்தைப் பேசி வைத்தவனும் இதே வாமதேவன்தான். இப்போது மூன்று கடை வைத்திருக்கும் மிருணாளினியின் மகன் கரிகாலனுக்கு நிரோஜினியை நிச்சயித்ததும் மோப்பம் பிடித்து வந்துவிட்டான்.

"அக்கா, கோயில் தலைவர் பதவியை உங்கட மனுசன் எனக்கு விடவேணும். இல்லாட்டி எழுத்துக் கதை மாப்பிள்ளை பகுதிக்குப் போகும்."

பொன்னுருக்குச் சடங்கில் தாலிப்பொன் உருகிவிட்டால் பிறகு கலியாணத்தைக் குழப்ப எந்தக் கொம்பனும் துணியமாட்டான். அதற்கு முதலே கறக்கப் பார்த்தான். இன்றைக்குக் கோயில், நாளைக்கு எதைக் கேட்பானோ? போதுமடாப்பா என்று கோசலை தானே மிருணாளினியின் கடைக்கு ஏறிப்போய், எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தாள்.

மிருணாளினி முருங்கைக்காயை அடுக்குவதை நிறுத்தவில்லை. "எனக்குத் தெரியும், கோசலை. ஊரிலை விசாரிக்காமல் பொம்பிளை எடுப்பமே?"

கோசலைக்கு அழுகை வந்தது. "நீங்கள் தெய்வம், அக்கா!"

"மகனுக்குத் தெரியாது. தெரியவும் வேண்டாம். நாளைக்கு உங்கட மகள் என்ரை வீட்டிலை வாய் காட்டினால், அப்ப நான் எடுத்துவிடுவன். அதுமட்டும் அந்தக் கதை என்னட்டை இருக்கட்டும்."

அட கடவுளே! வாமதேவன் ஒருதரம் மிரட்டினான். இவள் காலம் முழுக்க மிரட்டுவாள், அதுவும் வீட்டுக்குள் இருந்துகொண்டு. உள்ளதைச் சொல்லுவோம் அம்மா என்று நிரோஜினி எத்தனை தரம் கெஞ்சினாள். வாயைப் பொத்தியது தான்தானே என்று நினைக்கக் கோசலைக்கு நெஞ்சு எரிந்தது.

"கரிகாலன் தம்பி, ஒருக்கால் இஞ்சை வாங்கோ."

"கோசலை!" என்று மிருணாளினி பல்லைக் கடித்தாள். வாசலடிக் கல்லாவில் நின்ற கரிகாலன் வந்தான்.

"நிரோவுக்கு முந்தி எழுத்து நடந்து பிரிஞ்சது, தம்பி. சொல்லவேணும் எண்டு அவள் நிண்டவள். நான்தான் விடேல்லை. அம்மாவுக்கும் தெரியும்."

கடையில் நின்ற சனமெல்லாம் காதைத் தீட்டிக்கொண்டது. கரிகாலனின் முகம் வெளிறிப்போனது. அவன் கோசலையை விட்டுவிட்டுத் தாயின் பக்கம் திரும்பினான்.

"தெரிஞ்சுகொண்டே நாளைக்குப் பொன் உருக்க இருந்தனீங்களோ, அம்மா?"

மிருணாளினி கையிலிருந்த முருங்கைக்காயைக் கீழே வைத்தாள்.

"நாளைக்கு ஒண்டும் உருக்க வேண்டாம். நான் முதல் நிரோவோடை கதைக்கவேணும்" என்று சொல்லி அவன் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனான்.

கோசலை அருகிலிருந்த அரிசி மூட்டைமேல் குந்திவிட்டாள். கலியாணம் நடக்குமோ நடக்காதோ, இனி ஒருவரும் அவளை மிரட்ட ஏலாது.