விளக்கு எரியாத குத்து

ஜீவிதாவுக்கு வாள்வீச்சின் மேல் ஆசை வந்ததற்குக் காரணம் வாள் அல்ல, சுவாதிதான். கல்லூரி ஆண்டு விழாவில் அந்தக் கடைசி வருடப் பெண், வெள்ளை ஜாக்கெட்டும் வலை முகமூடியுமாக மேடையில் முன்னும் பின்னும் பாய்ந்தாளே, அதைப் பார்த்தவள் பார்த்தவள்தான். அன்றைக்கு மைசூர் டவுன் பஸ்ஸில், வீடிருக்கும் மண்டி மொஹல்லாவில் இறங்க மறந்து, அடுத்த நிறுத்தத்திலிருந்து நடந்து வந்தாள். அப்படி ஒரு கிறுக்கு!

ஆனால் ஃபென்சிங் கிளப்பில் சேருவது லேசுப்பட்ட காரியமா? அங்கே மிச்சமிருந்தது ஒரே ஒரு ஜாக்கெட். அதை இரவலாகப் போட்டுக்கொண்டு கேப்டன் சுவாதியோடு ஒரு ஆட்டம் ஆட வேண்டும். அவள் ஐந்து குத்து குத்துவதற்குள் அவள் மேல் ஒரே ஒரு குத்து விழ வேண்டும். விழுந்தால் ஜாக்கெட்டும் இடமும் உனக்கு. விழாவிட்டால் அடுத்த வருடம் வா என்பார்கள். அடுத்த வருடம் சுவாதி ஏது? படிப்பு முடிந்து சொந்த ஊரான கொள்ளேகாலுக்குப் போயிருப்பாள்.

ஜீவிதாவிடம் ஒரு பெரிய கோளாறு இருந்தது. யார் மேலாவது கால் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் வீட்டில் வளர்ந்தவள். ஆட்டத்துக்கு முந்தைய பயிற்சியில் கிளப் சீனியர் மதனின் தோளில் வாள் நுனி பட்டதுமே, "ஐயோ, சாரிண்ணா!" என்று வாளைத் தாழ்த்திவிட்டாள். அவன் சாவகாசமாக அவள் வயிற்றில் ஒரு குத்து வைத்தான். கிளப்பே சிரித்தது.

சுவாதி மட்டும் சிரிக்கவில்லை. "ஏங்கண்ணு, குத்தறதுக்குத்தான வந்திருக்கற? அப்பறம் என்னத்துக்கு மன்னிப்பு? எம்மேல குத்திட்டு சாரின்னு வந்தீன்னா நெசமாவே கோவம் வந்துரும் பாத்துக்க."

ஆட்டத்தன்று பார்த்து விளக்குப் பெட்டி படுத்துவிட்டது. குத்து விழுந்தால் பளிச்சென்று எரிந்து காட்டிக்கொடுக்கும் பெட்டி அது. அது இல்லாத நாளில் கிளப்பில் ஒரே சட்டம்தான். குத்து வாங்கியவரே கையைத் தூக்கி ஒத்துக்கொள்ள வேண்டும்.

மதன் நடுவராக நின்றான். சுவாதி ஆடிய ஆட்டம் இருக்கிறதே, அடடா! அவசரமே கிடையாது. ஜீவிதா வாளை நீட்டினால் அதை மணிக்கட்டால் லேசாகத் தள்ளிவிட்டு உள்ளே வந்துவிடுவாள். தோளில் ஒன்று, தொடையில் ஒன்று, மார்பில் இரண்டு. ஒவ்வொரு முறையும் ஜீவிதா கையைத் தூக்கினாள். அடி வாங்குகிறவளே சபாஷ் போடும் ஆட்டம் அது. இன்னும் ஒன்று விழுந்தால் எல்லாம் முடிந்தது.

போனால் போகட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஒரே பாய்ச்சலாகப் பாய்ந்தாள். சுவாதியின் வாள் அவள் வயிற்றில் நச்சென்று இறங்கியது.

"அஞ்சு! முடிஞ்சுது," என்றான் மதன்.

ஜீவிதா முகமூடிக்குள்ளேயே அழ ஆரம்பித்தாள். நிமிர்ந்து பார்த்தால், எதிரே சுவாதி கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறாள்.

"எனக்குத்தான் மொதல்ல பட்டுச்சு. நான் குத்துனது அப்பறம்."

"ஹௌதா? அப்படியா?" என்று கன்னடமும் தமிழுமாக வாயைப் பிளந்தான் மதன். "நான் பாக்கவே இல்லியே!"

ஜீவிதா முகமூடியைக் கழற்றினாள். எப்படியாவது கிளப்பில் சேர்ந்துவிட வேண்டும் என்ற ஆசை நிறையவே இருந்தது. இருந்தாலும் மனசு கேட்கவில்லை.

"வேணாங்க்கா. பாவம் பாத்துக் குடுக்காதீங்க. பட்ட மாதிரி எனக்கே தெரியல."

சுவாதிக்கு வந்ததே கோபம்! "உனக்குத் தெரியலீன்னா? வாங்குனவ நானு! நானு யாருக்கும் புள்ளி தானம் பண்றவ இல்ல." கையுறையைப் பிடுங்கி எறிந்தாள். ஜாக்கெட் கையை முழங்கை வரை சுருட்டி, கையை ஜீவிதாவின் முகத்துக்கு நேரே நீட்டினாள். "பாரு. இத நான் என்ன, குங்குமம் வெச்சு வரைஞ்சுக்கிட்டனா?"

மணிக்கட்டுக்கு மேலே ஓரிடம் சிவந்து தடித்திருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னும் கொஞ்சம் வீங்கியது.

யாருமே பார்க்காத ஒரு குத்து. சுவாதி வாயை மூடிக்கொண்டிருந்தால், இந்த மைசூரில் ஒருத்தருக்கும் தெரிந்திருக்காது. ஜீவிதாவுக்கு அவள் மேல் இருந்த மரியாதை அந்த நிமிடத்தில் இரட்டிப்பானது. தனக்கு மிகவும் பிடித்த ஒருத்தியின் கையில் இரத்தம் கட்ட வைத்துவிட்டு இவ்வளவு சந்தோஷப்படலாமா என்று கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது. ஆனாலும் அந்தத் தடிப்பைவிட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை.