ஓட்டைச் சுவரில் என் முகம்

ஜெயப்பிரியாவைப் பற்றி யாராவது நல்லதாக ஒரு வார்த்தை சொன்னால் எனக்கு வயிறு எரியும். மறைத்துப் பேசி என்ன ஆகப்போகிறது? எரியும், அவ்வளவுதான்.

நாங்கள் இருவரும் ஏனாத்தூர் காலேஜில் ஒரே வகுப்பில் சிவில் இன்ஜினியரிங் படித்தவர்கள். உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஆளுக்கொரு பிளான் ஆபீஸ் போட்டோம். பசுமைக் கட்டட நிபுணர் பரீட்சையையும் ஒரே நாளில் போய் எழுதினோம். அவள் தேறினாள். நான் தேறவில்லை. கேள்வித்தாள் சரியில்லை என்று நான் சொல்லப்போக, எங்கள் பொறியாளர் சங்கத் தலைவர் மோகன் அண்ணன், "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்று எல்லார் முன்னாலும் சிரித்தார். அதற்கப்புறம் அவள் விசிட்டிங் கார்டில் பெயருக்குப் பின்னால் புதிதாகச் சில எழுத்துகள். என்னுடையதில் போன் நம்பர் மட்டும்.

சங்கத்துக்குக் கூடம் கட்டும் வேலையும் அவளுக்கே போனது. ஏ.சி. கிடையாது. மேடைக்குப் பின்னால் தெற்குச் சுவர் முழுக்கச் செங்கல்லை இடைவெளி விட்டு அடுக்கி ஓட்டை ஓட்டையாக வைத்திருந்தாள். எதிரே வடக்குச் சுவரின் உச்சியில் வரிசையாகத் திறப்புகள். தெற்கே இருக்கும் ஏரியின் காற்று இந்தப் பக்கம் நுழைந்து, சூட்டைத் தள்ளிக்கொண்டு அந்தப் பக்கம் போய்விடுமாம். கூடத்தின் முதல் நிகழ்ச்சியாகப் பசுமைக் கட்டடப் பயிற்சி. அதை நடத்துபவளும் அவளே. நாற்காலி, சாப்பாடு, மேடை ஏற்பாடு எல்லாம் சங்கச் செயலாளரான என் தலையில்.

எனக்கிருந்த கவலை வேறு. பெருநகர் கிராமத்து முத்துகிருஷ்ணன் ஐயா கல்யாண மண்டபம் கட்டப்போகிறார். அதற்கு நான் பிளான் வரைந்து கொடுத்திருந்தேன். இத்தனை வருஷமாக நான் கட்டியதெல்லாம் மாடிப்படியும் காம்பவுண்டுச் சுவரும்தான். அந்த மண்டபம் கிடைத்தால் நானும் இந்த ஊரில் ஓர் ஆள். ஏ.சி. இல்லாமலே குளிரும் கூடம் என்று பயிற்சி நோட்டீஸில் பார்த்துவிட்டு மனிதர் தடுமாறிவிட்டார்.

"நானும் வந்து குந்திப் பாக்குறேம்மா. ஏ.சி. இல்லாம சில்லுன்னு கீதுன்னா அந்தப் பொண்ணு கட்டட்டும். வேக்குதுன்னா நீயே கட்டு," என்றார்.

மேடை என்றால் பின்னால் பேனர். பேனர் இல்லாமல் எங்கள் பக்கம் காதுகுத்துகூட நடக்காது. நான் சொல்லி அடித்த பேனரில் நடுவில் மோகன் அண்ணன், பக்கத்தில் அதே உயரத்துக்குக் கைகூப்பியபடி நான், கீழ் மூலையில் ஸ்டாம்ப் சைஸில் ஜெயப்பிரியா. சுவரின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை இழுத்துக் கட்டவைத்தேன். பார்த்தவர்கள் எல்லாம் கட்டடம் கட்டிப் பிழைப்பவர்கள். ஒருத்தருக்கும் உறைக்கவில்லை. எனக்கும்தான். நான் பார்த்ததெல்லாம் என் முகத்தை.

பயிற்சி நாளன்று சித்திரை வெயில். காற்று எப்படி ஓடும் என்று ஜெயப்பிரியா திரையில் அம்புக்குறி போட்டுக் காட்டுகிறாள். கீழே ஒருத்தர் பாக்கியில்லாமல் கையேட்டால் விசிறிக்கொள்கிறார்கள். மின்விசிறிகள் சூட்டைத்தான் சுற்றிவிட்டன. "எங்க வூட்டு ஆஸ்பெஸ்டாஸே தேவல," என்று பின்வரிசையில் ஒரு குரல். எனக்கு நெஞ்சில் பால் வார்த்த மாதிரி இருந்தது. முதல் வரிசையில் முத்துகிருஷ்ணன் ஐயா துண்டைப் பிழியாத குறை.

அப்போதுதான் பேனரைப் பார்த்தேன். என் கன்னம் உப்பியது, அமுங்கியது, மறுபடி உப்பியது. பின்னாலிருந்து காற்று முட்டுகிறது! ஓட்டைச் சுவர் முழுவதையும் நானே அடைத்து வைத்திருக்கிறேன். அட, இப்படியும் ஒரு யோகமா என்று வாயை மூடிக்கொண்டேன்.

பந்தியில் முத்துகிருஷ்ணன் ஐயா என்னைக் கூப்பிட்டார். "இன்னாம்மா இது, இட்லிக் குண்டான்ல குந்திக்கினு இருந்த மாதிரி கீது. பச்சைக் கட்டடமும் வேணாம், ஒண்ணும் வேணாம். நீயே பூமி பூஜைக்கு நாள் பாரு." எனக்குச் சோறு இறங்கவில்லை, அத்தனை சந்தோஷம்.

கை கழுவும் இடத்தில் ஜெயப்பிரியா நின்றிருந்தாள்.

"மண்டபம் உனக்குன்னு சொல்லிட்டாராமே. நல்லதுடி," என்றாள்.

"உன் கூடம்தான் இன்னிக்கு மானத்த வாங்கிடுச்சு," என்றேன், பாவம்போல.

"பேனர் காத்த அடைச்சிக்கினு கீதுடி. காலைலயே பாத்துட்டேன்."

நான் குழாயை மூடினேன். "அப்ப கழட்டச் சொல்ல வேண்டியதுதான?"

"உன் மூஞ்சி அவ்ளோ பெருசா கீது. ஆசையா போட்டிருப்ப. அத்தினி பேர் எதிர்ல கழட்டச் சொன்னா உனக்கு எப்டி இருக்கும்? போனா போவுது, உடு."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். பரீட்சையில் ஜெயித்தாள், சரி. கூடம் கட்டினாள், சரி. இப்போது நல்லவளாகவும் அவளே இருப்பாளா? இவள் போனால் போகிறதென்று விட்டதில் நான் மண்டபம் கட்டி, அந்தத் தெருவில் போகும்போதெல்லாம் இது அவள் போட்ட பிச்சை என்று நினைத்துக்கொள்ள வேண்டுமா? அடச்சீ! அவளுக்கு நான் கடன்படுவதா?

சமையல்காரரிடம் கத்தியைப் பிடுங்கிக்கொண்டு மேடைக்குப் போனேன். "ஏய் கல்பனா, இன்னா பண்ற நீ? பைத்தியமா?" என்று மோகன் அண்ணன் கத்தினார். கயிறுகளை ஒவ்வொன்றாக அறுத்தேன். பேனரில் இருந்த நானும் மோகன் அண்ணனும் மடங்கிக் கீழே விழுந்தோம். காற்று வந்தது. மேசையில் இருந்த காகிதமெல்லாம் கூடம் முழுக்கப் பறந்தது.

பிற்பகல் பாடத்தில் முத்துகிருஷ்ணன் ஐயா ஒன்றையும் கேட்கவில்லை. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு குறட்டை விட்டுத் தூங்கினார். எழுந்ததும் என்னைத் தேடி வந்தார். "தப்பா நெனச்சிக்காத தாயி. ஏ.சி.ல கூட இந்தத் தூக்கம் எனக்கு வந்ததில்ல. அந்தப் பொண்ணே கட்டட்டும்." சரிங்கய்யா என்றேன். வேறென்ன சொல்ல? மண்டபம் போச்சு. போனாலும், இந்த ஒரு விஷயத்தில் நான் அவளுக்கு ஒரு படி மேலே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

கடைசியில் சான்றிதழ் கொடுக்க ஜெயப்பிரியா மைக்கைப் பிடித்தாள். "தன் போட்டோன்னுகூட பாக்காம கல்பனா அறுத்துப் போட்டா. அந்த மனசு யாருக்கு வரும்? இந்தக் கூடம் இன்னிக்கு ஜெயிச்சது அவளாலதான். மொத சான்றிதழ் அவளுக்கு."

எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். மோகன் அண்ணன் என் முதுகில் தட்டி மேடைக்குத் தள்ளிவிட்டார். அவள் கொடுத்தாள். கைதட்டல் ஓயும்வரை சிரித்த முகமாக நின்று, நான் அதையும் அவள் கையிலிருந்தே வாங்கிக்கொண்டேன்.