வெளித் தாழ்ப்பாள்

முனியம்மாவின் காரியம் முடிவதற்குள்ளேயே சாயக்கொட்டகைக்குப் புதுக் கூரை வேய்ந்துவிட்டார்கள். புதுக் கதவும் வந்தது. ஆனால் அந்தக் கதவின் வெளிப்பக்கத்தில் பழைய தாழ்ப்பாளையே கொண்டுவந்து அடித்தான் தரகன் உலகநாதன். தீயில் கறுத்துப்போன இரும்பு. அதைத் தேய்த்துக்கூட வைக்கவில்லை.

கொட்டகை கோட்டைக்குப்பத்துக்குத் தெற்கே ஏரிக்கரையில் இருந்தது. பழவேற்காட்டில் ஒல்லாந்தர் கோட்டைக்குப் போகிற சிவப்புத் துணி அங்கேதான் கொப்பரையில் சாயவேரோடு வெந்து நிறம் ஏறும். அடுப்புக்கு விறகு தள்ளுவது, துணியைக் கழியால் புரட்டுவது, அலசிப் பிழிவது எல்லாம் பெண்கள் வேலை. மழை பொய்த்து இது இரண்டாவது வருஷம். பசி தாளாமல் யாரோ ஒரு துணியைக் கொண்டுபோய் அரிசிக்கு மாற்றிவிட்டார்கள். அதிலிருந்து உலகநாதன் காலையில் பெண்களை உள்ளே விட்டு வெளியே தாழ் போட ஆரம்பித்தான். பொழுது சாயும்போதுதான் கதவு திறக்கும்.

அப்படிப் பூட்டிக் கிடந்த ஒருநாள் அடுப்புப் பொறி கூரை ஓலையில் பிடித்துக்கொண்டது. காவலாள் கள்ளுக்குப் போயிருந்தான். உள்ளே இருந்தவர்கள் கத்திக் கத்தித் தொண்டை வற்றி, கடைசியில் மண்சுவரைக் கழியால் இடித்து வெளியே விழுந்தார்கள். முனியம்மா கொப்பரைக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தாள். அவளால் வர முடியவில்லை.

முனியம்மாவின் அக்கா ரங்கம்மாள் அதே கொட்டகையில்தான் வேலை செய்தாள். தங்கைக்கு அழுத கண்ணோடு அவள் மறுபடியும் அந்தக் கதவுக்குள் நுழைந்தாள். வேறு வழியில்லை. புருஷன் கண்ணப்பன் கரையிலிருந்து கப்பலுக்குச் சரக்கு ஏற்றும் படகில் துடுப்புப் போடுகிறவன். அந்த வருஷம் கப்பலே அரிதாகத்தான் வந்தது. மகள் பச்சையம்மாவுக்குக் கையும் காலும் குச்சியாகிவிட்டன. ஊருக்குள் கரீமா என்கிற வியாபாரி வீட்டு அம்மாள் குழந்தைகளுக்கு மட்டும் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தாள். பகலெல்லாம் குழந்தை அங்கேதான் கிடந்தது.

கொட்டகைக்குப் புதிதாக வந்தவள் குணசுந்தரி. தெற்கே வேறொரு துறைமுகத்து ஊரிலிருந்து பஞ்சத்தில் நடந்து வந்தவள். புருஷனும் இல்லை, பிள்ளையும் இல்லை. சாயவேர் தோண்ட மணல்மேட்டுக்குப் போகிற நாட்களில் அவள் பேச ஆரம்பித்தாள். அந்த வெயிலில் காவலாட்கள் கூட வர மாட்டார்கள்.

"எங்க ஊர்ல தறிக்காரங்க எல்லாரும் ஒரே நாள்ல தறியை விட்டு எழுந்துட்டாங்க. நாங்க சாயக்காரங்களும் கூடவே போயி கோயில் வாசல்ல உக்காந்தோம்."

"அப்பால இன்னா ஆச்சு?" என்று கேட்டாள் தனக்கோடி. அந்தக் கூட்டத்தில் வாய்த்துடுக்கு அவளுக்குத்தான்.

"பட்டினி கெடந்தோம். ஆனா கேட்டது கெடச்சுது."

"இங்க ஒண்ணும் கேக்காமயே பட்டினி கெடக்குறோம்" என்றாள் ரங்கம்மாள். அவள் தலையை நிமிர்த்தவில்லை. "பூட்டைக் கேட்டா என் தங்கச்சி வந்துடப் போறாளா?"

குணசுந்தரி மண்ணைக் கிளறிக்கொண்டே சொன்னாள்: "வர மாட்டா அக்கா. அடுத்தது யாருன்னுதான் யோசிக்கிறேன்."

ரங்கம்மாள் மறுநாள் தோண்டும்போது குணசுந்தரிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

குணசுந்தரி சொல்லிக்கொடுத்த விதம் விளையாட்டு மாதிரி இருக்கும். தனக்கோடி முந்தானையைத் தலைப்பாகையாகச் சுற்றிக்கொண்டு, தோண்டுகோலைப் பிரம்பாக ஆட்டிக்கொண்டு உலகநாதனாக நடந்து வருவாள். மற்றவர்கள் அவளுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

"யார்ரீ ஒங்களுக்கு இதெல்லாம் சொல்லிக் குடுத்தது?" என்று தனக்கோடி அதட்டியதும் ஒருத்தி பயந்துபோய் குணசுந்தரியைப் பார்த்துவிட்டாள்.

"போச்சு" என்றாள் குணசுந்தரி. "இந்நேரம் என்னைக் கட்டி இழுத்துட்டுப் போயிருப்பான். மறுபடியும் சொல்லுங்க. யார் சொன்னது?"

"நாங்க எல்லாரும்தான்."

"ஒருத்தி மட்டும் இப்பிடி வாடீன்னு கூப்பிட்டா?"

"எல்லாரும் வருவோம்."

"யாரும் தனியாப் போகக் கூடாது. எதுக்காகவும் போகக் கூடாது. தனியாச் சிக்கினவளைத்தான் முறிப்பான்."

ஒருநாள் தனக்கோடி அப்படியே உலகநாதனைப்போலத் தொந்தியைத் தள்ளி இருமிக் காட்டினாள். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். ரங்கம்மாளும் சிரித்தாள். சிரித்த மறுகணமே தங்கை நினைவு வந்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

"எப்பக் கேக்கறது?" என்று கேட்டாள் ரங்கம்மாள்.

"துணி எப்ப கப்பல் ஏறணும்?"

"வாடை கெளம்பறதுக்கு முன்னாடி. ஐப்பசி பொறந்துட்டா இந்தக் கரையில கப்பல் நிக்காதுன்னு எங்க ஊட்டுக்காரரு சொல்லுவாரு."

"அப்ப அதுக்கு முந்தின நாளுங்கள்ல நம்மளவிட அவன்தான் பயந்துகிட்டு இருப்பான். அப்பக் கேக்கணும்."

புரட்டாசிக் கடைசியில் கப்பல் வந்து ஆழத்தில் நங்கூரம் போட்டது. மறுநாள் காலை பெண்கள் கொட்டகை வாசல்வரை வந்து, உள்ளே போகாமல் மணலில் உட்கார்ந்தார்கள். பேச ரங்கம்மாளை நிறுத்தியிருந்தார்கள். குணசுந்தரி பின்வரிசையில் இருந்தாள்.

உலகநாதன் வந்து பார்த்தான். "இன்னா இது? இன்னா வோணும்?"

"தாழ்ப்பாளைக் கழட்டுங்க ஐயா. கதவு தொறந்து கெடந்தா உள்ளாற போறோம்." ரங்கம்மாள்தான் சொன்னாள். குரல் நடுங்கவில்லை.

"யார்ரீ சொல்லிக் குடுத்தது?"

"நாங்க எல்லாரும்தான்" என்று ஒரே சத்தமாக வந்தது. அவன் ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். ஒரு கண்ணும் பின்னால் திரும்பவில்லை. ஆனால் தெற்கத்திப் பேச்சுப் பேசுகிறவள் அந்தக் கூட்டத்தில் ஒருத்திதான் என்பது அவனுக்கு முன்பே தெரியும்.

பக்கத்து ஊரான தோணிரேவிலிருந்து வேறு பெண்களைக் கொண்டுவருவேன் என்றான். குடும்பத்தோடு பிடித்துக் கப்பலில் ஏற்றிக் கடலுக்கு அப்பால் பத்தாவியாவுக்கு அடிமைகளாக அனுப்புவேன் என்றான். அது வெறும் மிரட்டல் இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். பஞ்சம் வந்ததிலிருந்து பிள்ளையை விற்றவர்களும், தங்களையே விற்றுக்கொண்டவர்களும் அந்தக் கரை வழியாகத்தான் போனார்கள். இருந்தும் ஒருத்தியும் எழவில்லை. அன்று போயிற்று. மறுநாளும் வந்து உட்கார்ந்தார்கள். உட்கார்ந்தபடியே இரண்டு பேர் மயங்கி விழுந்தார்கள். கொட்டகைக்குள் சாயம் ஏறாத துணி குவிந்து கிடந்தது.

மூன்றாம் நாள் வெயில் ஏறியபோது ஓர் ஆள் ஊருக்குள்ளிருந்து ஓடி வந்தான். பின்வரிசைக்குப் போய்க் குனிந்து, "ரங்கம்மா பொண்ணுக்கு இழுப்பு வந்துட்டுது. கரீமாம்மா ஆளைக் கூட்டியாரச் சொன்னாங்க" என்றான்.

முன்னால் ரங்கம்மாள் அப்போது தரகனோடு பேசிக்கொண்டிருந்தாள். உலகநாதன் பிடிவாதம் தளர்ந்து இறங்கி வந்துகொண்டிருந்த நேரம். இந்தச் சேதி காதில் விழுந்தால் அவள் ஓடிவிடுவாள், எல்லாம் கலைந்துவிடும் என்று குணசுந்தரி நினைத்திருக்க வேண்டும். "நான் போய்ப் பாத்துட்டு வந்துடறேன். அவகிட்ட இப்ப சொல்லாதே" என்று பக்கத்தில் இருந்த தனக்கோடியிடம் சொல்லிவிட்டு எழுந்தாள்.

"நானும் வரட்டுமா?" என்றாள் தனக்கோடி.

"நீ இங்க இரு. ஆள் குறைஞ்சா அவன் பாத்துடுவான்."

அவள் போன கொஞ்ச நேரத்தில் உலகநாதன் காவலாளைக் கூப்பிட்டான். தாழ்ப்பாளைப் பெயர்த்து எல்லோர் கண்ணெதிரிலும் மணலில் போட்டான். "போதுமா? இப்பவாவது கொப்பரைய மூட்டுங்கடீ."

பெண்களுக்கு நம்ப முடியவில்லை. சிலர் அழுதார்கள். ரங்கம்மாள் அந்த இரும்பைக் காலால்கூடத் தொடவில்லை. தங்கை பெயரைச் சொல்லி ஒரு தரம் அழைத்துவிட்டு உள்ளே போனாள். திறந்த கதவு வழியாக ஏரிக்காற்று வந்தது. அன்று செய்ததுபோல அவர்கள் என்றைக்கும் வேலை செய்ததில்லை. தேங்கிக் கிடந்த துணியெல்லாம் பொழுது சாய்வதற்குள் சிவந்துவிட்டது.

குணசுந்தரியே வந்து சொல்லட்டும் என்று காத்திருந்த தனக்கோடி, வேலை முடிந்து கை கழுவும்போதும் அவள் வராததைப் பார்த்துத்தான் சேதியைச் சொன்னாள். ரங்கம்மாள் ஈரப் புடவையோடு கரீமா வீட்டுக்கு ஓடினாள். பச்சையம்மா முற்றத்தில் உட்கார்ந்து சோழியை உருட்டி விளையாடிக்கொண்டிருந்தாள்.

"இழுப்பா? யாருக்கு?" என்றாள் கரீமா. "நான் யாரையும் அனுப்பலியே. இங்க ஒருத்தரும் வரவும் இல்லியே."

ரங்கம்மாள் மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு மற்றவர்களைத் தேடி ஓடினாள்.

எல்லோருமாக உலகநாதன் வீட்டுக்குப் போனார்கள். "அநாதைப் பொம்பள. எங்கியாவது போயிருப்பா" என்றான் அவன். "கேட்டதைக் குடுத்துட்டேனே, இன்னும் இன்னா?"

கண்ணப்பன் கரையிலிருந்து திரும்பியதும் ரங்கம்மாள் குணசுந்தரியைப் பற்றி அவனைக் கேட்டாள். அவன் உட்கார்ந்துவிட்டான். மத்தியானம் அவன் படகில்தான் ஆட்களை ஏற்றினார்களாம். பஞ்சத்தில் விற்ற ஜனம் என்றார்களாம். ஒருத்திக்கு மட்டும் வாயைக் கட்டி, தலையில் சாக்கைப் போர்த்தியிருந்தார்களாம்.

"பேய் பிடிச்சவ, கத்துவான்னு தரகன் ஆளு சொன்னான். நான் ஒரு வார்த்தை கேக்கலியே ரங்கம்மா. கையெல்லாம் சிவப்பா இருந்துது. பாத்தேன். பாத்துட்டும் துடுப்புப் போட்டேன்."

அவள் அவனைத் திட்டவில்லை. அடிக்கவும் இல்லை. "துணி ஏறிட்டுதா?" என்று மட்டும் கேட்டாள்.

"இல்ல. காலைலதான்."

விடியும்போது பெண்கள் பிள்ளைகளோடு வந்து படகுகளுக்கு முன்னால் படுத்துக்கொண்டார்கள். மூட்டைகள் கரையில் இருந்தன. கண்ணப்பன் துடுப்பைக் கீழே போட்டான். அவனைப் பார்த்து மற்றப் படகுக்காரர்களும் போட்டார்கள். குணசுந்தரியை இறக்கினால்தான் மூட்டை ஏறும் என்றாள் ரங்கம்மாள்.

உலகநாதன் முகம் வெளுத்துவிட்டது. ஒரு சின்னப் படகில் கப்பலுக்குப் போனான். வெயில் உச்சிக்கு வந்த பிறகு திரும்பி வந்தான்.

"ஏறுன ஆளை எறக்க மாட்டாங்களாம். என் கையில ஒண்ணும் இல்ல."

"நீதானே ஏத்துன!" என்று கத்தினாள் தனக்கோடி.

அவன் தன் ஆட்களுக்குக் கையைக் காட்டினான். அவர்கள் தடியோடு இறங்கினார்கள். படுத்திருந்தவர்களை முடியைப் பிடித்து இழுத்தார்கள். கண்ணப்பனுக்குத் தோள் எலும்பு முறிந்தது. பசியில் இருந்த ஜனத்தால் எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்க முடியும்? இதற்குள் உலகநாதன் ஆள் விட்டு வடக்கேயிருந்து வரவழைத்திருந்த படகுக்காரர்கள் மூட்டைகளை ஏற்றினார்கள்.

பாய் விரிந்தபோது ரங்கம்மாள் அலைக்குள் இறங்கிவிட்டாள். மார்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு, "குணசுந்தரீ! குணசுந்தரீ!" என்று கூப்பிட்டாள். அவ்வளவு தூரத்துக்குக் குரல் போகாது என்று அவளுக்குத் தெரியும். அலை இரண்டு தரம் அவளை உருட்டியது. தனக்கோடிதான் போய் இழுத்து வந்தாள்.

"அவளுக்குக் கூடப் பொறந்தவங்க யாராவது உண்டாக்கா? யாருக்காச்சும் சேதி சொல்லணுமே" என்றாள் தனக்கோடி.

யாருக்கும் தெரியவில்லை. அவள் பிறந்த ஊரின் பெயரைக்கூட ஒருத்தியும் கேட்டு வைத்திருக்கவில்லை.

அடுத்த நாள் பசி அவர்களைக் கொட்டகைக்குத்தான் கூட்டிக்கொண்டு போனது. கதவு திறந்தே கிடந்தது. அதை மறுபடி பூட்ட உலகநாதன் துணியவில்லை. ரங்கம்மாளை மட்டும் உள்ளே விட மாட்டேன் என்றான். அவளை விடாத இடத்தில் எங்களுக்கும் வேலை இல்லை என்று தனக்கோடி வெளியே நின்றாள், மற்றவர்களும் நின்றார்கள். கொஞ்ச நேரம் முறைத்துவிட்டு அவன் விலகிக்கொண்டான்.

ரங்கம்மாள் உள்ளே போய் அடுப்பு மூட்டினாள். பச்சையம்மாவை அன்று கரீமா வீட்டில் விடாமல் கூடவே அழைத்து வந்திருந்தாள். குழந்தை கதவோரம் படுத்துத் தூங்கியது. மழையைக் கொண்டுவர வேண்டிய வாடை வெளியே ஆரம்பித்துவிட்டது. வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை.