தெரிந்த வரையில்

அன்பின் விருந்துக்கு இரண்டு வாரம் முன்னால் சபை ஊழியம் செய்யும் டீக்கன்கள் இருவர் இருவராக வீடு வீடாகப் போவார்கள். எல்லா வீட்டிலும் ஒரே கேள்விதான். சபையோடும் சபையாரோடும் சமாதானமாக இருக்கிறீர்களா என்பது அது. ஆமாம் என்றவர்கள் விருந்துக்கு வந்து, ஒருவர் காலை ஒருவர் கழுவி, ஒரே கிண்ணத்தில் ரொட்டியும் மாட்டிறைச்சிச் சாறும் சாப்பிட்டு, அப்பம் பிட்டுக்கொள்வார்கள். இல்லை என்றவர்களை யாரும் தடுப்பதில்லை. அவர்களே போகமாட்டார்கள்.

வேலித் தகராறில் பேச்சு நின்றுபோன பங்காளிகள்கூட அந்த நாளில் ஆமாம் என்று சொல்லிவிடுவது வழக்கம். லவைனா கிபெல்லுக்கு அது வரவில்லை. ஒன்பது வருடமாக இல்லை என்றே சொல்லிவந்தாள். கேட்க வந்தவன் அவளுடைய சொந்த அண்ணன் இர்வின். சமாதானம் இல்லாததும் அவனோடுதான்.

அவள் மகன் கேலனுக்குப் பத்தொன்பது வயதில் அமெரிக்க ராணுவ அழைப்பு வந்தது. துப்பாக்கி தொடாத சபை அது. மனசாட்சி இடம் கொடுக்கவில்லை என்று எழுதிக் கொடுத்தால் ஆஸ்பத்திரியில் இரண்டு வருடம் வேலை செய்துவிட்டு வரலாம். பையன் உண்மையிலேயே வன்முறைக்கு எதிரானவனா என்று ஆள் எடுக்கும் குழு சபையைக் கேட்டது. பதில் எழுதும் பொறுப்பு டீக்கன் இர்வினுக்கு வந்தது. மாட்டுச் சந்தையில் கேலனைக் கோழை என்று சொல்லி ஒருவன் முகத்தில் துப்பியதையும், கேலன் அவன் தாடையைப் பெயர்த்ததையும் இர்வின் நேரில் பார்த்திருந்தான். "இவன் ஒரு மனிதனை அடித்ததை நான் பார்த்தேன்" என்று ஒரே வரி எழுதினான். கேலன் வியட்நாம் போனான். திரும்பி வந்தபோது இடது காது கேட்கவில்லை.

"நான் உண்மையத்தான் எழுதினேன்" என்பான் இர்வின், ஒவ்வொரு வருடமும். கோர்ட்டில்கூட சத்தியம் செய்யாத ஜனங்கள் அவர்கள். பேச்சே சத்தியமாக இருக்க வேண்டும். அந்தப் பதிலுக்கு மேல் லவைனாவால் போக முடிந்ததில்லை. தப்பு செய்தவனை மன்னிக்கலாம். உண்மை சொன்னவனை எதற்கு என்று மன்னிப்பது? இரவல் வாங்கிய செருப்பைப்போல அந்தக் கோபம் எந்தப் பக்கம் திருப்பினாலும் கடித்தது.

இந்த வசந்தத்தில் சபை கூடி ஓட்டுப் போட்டு கேலனை டீக்கனாக்கியது. லவைனாவுக்குப் பெருமையாக இருந்தது. அவனுக்கு ஜோடி இர்வின் என்று தெரியும்வரை.

இலையுதிர்காலத்தில் அவர்கள் வந்த காலையில் அவள் முற்றத்தில் ஆப்பிள் வெண்ணெய் என்கிற பழக்கூழைக் காய்ச்சிக்கொண்டிருந்தாள். செம்புக் கொப்பரையின் அடியில் விறகு எரிந்தது. ஆள் உயரக் காம்பு வைத்த மரத்துடுப்பால் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும்; கை நின்றால் அடிபிடித்துவிடும். பிக்கப் வண்டி வந்து நிற்பதைப் பார்த்தும் அவள் நகரவில்லை. நகர முடியாத வேலை கையில் இருந்தது அவளுக்கு வசதியாகவும் இருந்தது.

"முதல் வீடே நம்ம வீடா?" என்றாள் மகனிடம்.

"வேற வீட்டுக்குப் போற நிலைமைல நாங்க இல்லம்மா." கேலன் சுற்றி வந்து, கேட்கிற காது அவள் பக்கம் இருக்கும்படி நின்றான். "கிளம்புறதுக்கு முன்னாடி டீக்கனுங்க ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் கேட்டுக்கணும்ல. பாலத்துக்கிட்ட வண்டிய நிறுத்தி மாமாவக் கேட்டேன்."

"இத்தன வருஷமா அத யாரு கேட்டா? ஆமான்னு ஒரு தலையாட்டு, அவ்வளவுதான்," என்றான் இர்வின். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தான். கிழவனாகிவிட்டான் என்று லவைனாவுக்கு அப்போதுதான் பட்டது. "இவன் கேட்டுட்டு பதிலுக்குக் காத்துக்கிட்டு நின்னான். என்னால ஆமான்னு சொல்ல முடியல."

துடுப்பு கொப்பரையின் அடியை உரசியது.

"லவைனா, அடி வாங்கினவன் வீட்டுல இவன் போய் பால் கறந்தது எனக்குத் தெரியும்."

அவள் கை நின்றது. உடனே மறுபடி கிண்டினாள்.

அடித்த மறுநாளே கேலன் அந்த ஆளின் வீட்டுக்குப் போனான். மன்னிப்புக் கேட்டான். தாடை கூடும்வரை இரண்டு வாரம் விடியற்காலையில் போய் அவன் மாடுகளைக் கறந்து கொடுத்தான். அது அண்ணனுக்குத் தெரியாது என்றுதான் அவள் நம்பியிருந்தாள். அவனுக்காக அவள் ஒன்பது வருடமாக மிச்சம் வைத்திருந்த ஒரே சலுகை அது.

"எப்படித் தெரியும்?"

"அந்த வழியாத்தான் தினம் பால் வண்டி ஓட்டினேன். தினம் பாத்தேன். அதையும் எழுதியிருந்தா இவன விட்டிருப்பாங்க. டீக்கன் வீட்டுப் பையன் சந்தையில கை நீட்டிட்டான்னு நாலு பேர் சிரிச்சாங்க. எனக்கு அவமானம், கோவம். பாதிய எழுதினேன். உண்மையத்தான் எழுதினேன்னு எனக்கே சொல்லிக்கிட்டேன்."

புகை திரும்பி அவள் முகத்தில் அடித்தது. கண்ணைத் துடைக்கவில்லை. வலித்தது, முன்னைவிட அதிகமாகவே. ஆனால் அந்த வலிக்கு இப்போது ஒரு பெயர் இருந்தது. அண்ணன் தவறு செய்திருக்கிறான். அவன் வாயாலேயே சொல்கிறான். ஒன்பது வருடத்தில் முதல்முறையாக அவள் முன்னால் மன்னிக்கக்கூடிய ஒரு மனிதன் நின்றான்.

"நீ என்ன பண்ணே?" என்று மகனைக் கேட்டாள்.

"வண்டிய விட்டு இறங்கிட்டேன். மாமாவ அங்கேயே விட்டுட்டுப் போயிடலாம்னு ரெண்டு சோள வயல் தூரம் நடந்தேன். சாவி என் பாக்கெட்ல இருந்தது, அதனால திரும்பி வர வேண்டியதாப் போச்சு."

"பொய்," என்றான் இர்வின். "சாவி வண்டிலதான் இருந்துது."

கேலன் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தான். லவைனா அவனைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். தன் காதை இழந்தவன், அதற்குக் காரணமானவனிடம் திரும்பி நடந்திருக்கிறான். இந்தப் பிள்ளையை நாமா பெற்றோம் என்று இருந்தது. ஒன்பது வருடம் அவனுக்காகக் கோபத்தைச் சுமந்தவள் அவள். அவனுக்கும் அந்தக் கோபம் உண்டா என்று ஒருநாளும் அவனைக் கேட்டதில்லை.

"சரி, கேளு," என்றாள்.

கேலன் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டான். புதியவன் என்பதால் ஒவ்வொரு சொல்லாகச் சொன்னான். "சகோதரி லவைனா, உங்களுக்குத் தெரிந்த வரையில், சபையோடும் சபையாரோடும் சமாதானமாக இருக்கிறீர்களா?"

இர்வின் எப்போதும் அந்த ஆரம்பத்தை முணுமுணுத்து விழுங்கிவிடுவான். தெரிந்த வரையில். இந்த நிமிஷத்தில் இருப்பதை மட்டுமே கேட்கிறார்கள். நாளைக்கும் சேர்த்து யாரும் அவளிடம் வாக்கு வாங்கவில்லை. இந்தக் கேள்வியை எழுதிவைத்த பழைய மனிதர்கள், தங்களைப்போன்ற பிடிவாதக்காரர்களை நன்றாக அறிந்திருக்க வேண்டும்.

"ஆமாம்," என்றாள் மெல்ல.

"இந்தப் பக்கம் சொல்லும்மா, விழல."

"நல்ல காதுதான் இந்தப் பக்கம் இருக்கு. நடிக்காதடா." பிறகு அண்ணனைப் பார்த்து, அவன் கேட்கும்படி சொன்னாள். "இப்ப ஆமாம். நாளைக்கு விடிஞ்சதும் இல்லேன்னு ஆயிடுச்சுன்னா, நானே உன் வீட்டு வாசல்ல வந்து நின்னு சொல்லுவேன். கதவத் தொறக்கணும்."

"தொறக்கிறேன்," என்றான் இர்வின்.

"வெர்னாதானே இந்த வருஷமும் அப்பம் சுடுறா?"

வெர்னா அவன் மனைவி. விருந்துக்கான புளிப்பில்லாத அப்பத்தை முன்பெல்லாம் சுட்டவள் லவைனா. விருந்துக்குப் போகாமலானதும் அது வெர்னாவின் கைக்குப் போனது.

"ஆமா. எங்க பிட்டாலும் கோணலாத்தான் உடையுது. சபைல எல்லாரும் மரியாதைக்குச் சும்மா இருக்காங்க."

"பிடுற கோட்டுல முள்கரண்டியால நெருக்கமாக் குத்தியிருக்க மாட்டா. அவசரக்காரி." லவைனா துடுப்பை அவனிடம் நீட்டினாள். "பிடி. நடுவுல மட்டும் கிண்டாத, ஓரத்தையும் வழிச்சு எடு. அடிபிடிச்சா இந்தக் கொப்பரையோட உன்ன உங்க வீட்டுக்கு அனுப்பிடுவேன்."

கை கழுவிவிட்டுச் சமையலறைக்குள் போனாள். மேசை இழுப்பறையின் கடைசியில், துணியில் சுற்றி, முன்பு அவள் அப்பம் குத்திய மூன்று பல் முள்கரண்டி இருந்தது. துணியைப் பிரித்து வெளிச்சத்தில் பார்த்தாள். கறுத்திருந்தது, தேய்த்தால் போய்விடும். ஜன்னல் வழியே இர்வின் தெரிந்தான். தொப்பியைப் புல்லில் வைத்துவிட்டு, இரண்டு கையாலும் துடுப்பைப் பிடித்து, சொன்னபடியே ஓரங்களை வழித்துக் கிண்டிக்கொண்டிருந்தான்.