ஒரு கட்டம் புல்

மலைக்கு மேலே என் அண்ணன் குழந்தைவேலு இருக்கும் புல்வெளியில் இப்போது ஒரு கட்டம்தான் மிச்சம்.

ஒரு கட்டம் என்றால் பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர். ஐந்து நாளைக்கு ஒருமுறை காலை பத்து நாற்பதுக்குச் செயற்கைக்கோள் மேலே போகிறது. அது எடுத்த படத்தைப் பார்த்து, படப்பிரிவு அலுவலகத்தில் ஒவ்வொரு கட்டத்துக்கும் பெயர் எழுதுவார்கள். எழுதியதும் தரை அப்படி ஆகிவிடும். சீகை மரம் என்று எழுதினால் அங்கே சீகை மரம் நிற்கும்.

அண்ணனின் எருமைகளைப் போன மாதம் நிழல் என்று எழுதிவிட்டார்கள். அதன் பிறகு அவற்றைக் கறக்க முடியவில்லை.

திங்கட்கிழமை அண்ணன் போன் செய்தான்.

"வீட்டையும் மரம்னு எழுதிட்டாங்க, தேவகி. வெளிய நிக்கிறேன்."

"சாப்பிட்டியாண்ணே?"

"அடுப்பும் மரமாப் போச்சு."

அலுவலகத்துக்கு ஓடினேன். நான் ஓரடி வைத்தால் நடைபாதை இரண்டடி நீண்டது. காலையில் நுழைந்தவள் சாயங்காலம்தான் அதன் கடைசிக்குப் போய்ச் சேர்ந்தேன். அங்கே பெர்னதெத் மேடம் பூதக்கண்ணாடியோடு உட்கார்ந்திருந்தார். கட்டங்களுக்குப் பெயர் எழுதுவது அவர்தான்.

"அந்தக் கட்டத்துல எங்கண்ணன் இருக்கார் மேடம். மரம்னு எழுதிடாதீங்க."

"உங்கண்ணன் என்ன நிறம்?"

"மாநிறம்."

"அகச்சிவப்புல?"

எனக்குத் தெரியவில்லை. நாற்பது வருஷமாக அவனைப் பார்க்கிறேன். அது மட்டும் தெரியவில்லை. அழுகை வந்துவிட்டது.

மேடம் படத்தைத் தள்ளி வைத்தார்.

"அழாதீங்க. கண்ணீர் விழுந்தா குளம்னு எழுத வேண்டி வரும்."

"நேர்ல ஒருதடவை வந்து பாருங்க மேடம்."

"பாத்துட்டு? திரும்பி வந்து படத்தைப் பாத்துத்தானே எழுதணும்?"

"வேற வழியே இல்லையா?"

"யாராவது கட்டத்துல நின்னு வெள்ளைப் பலகையைத் தூக்கிப் பிடிக்கலாம். வெளிச்சம் சரியா விழுந்தா புல்லு புல்லாத் தெரியும். நாளைக்குப் படம் எடுக்குற நாள். கையெழுத்துப் போட்டுப் பலகையை வாங்கிட்டுப் போங்க."

பலகை ஒரு கதவு கனம் இருந்தது.

மறுநாள் காலை பஸ் பாதி மலையில் நின்றது. எதிரே ரோட்டின் மேல் மரங்கள்.

"நேத்து வரைக்கும் ரோடு இருந்துச்சும்மா," என்றார் டிரைவர்.

பலகையைத் தலையில் வைத்துக்கொண்டு மரங்களுக்குள் நடந்தேன். கீழே கிடந்த நிழல்களிலிருந்து எருமைகள் கத்தின. அவற்றை மிதிக்காமல் நடந்தேன்.

அண்ணன் கட்டத்தின் நடுவில் மண்டியிட்டுச் சீகைக் கன்றுகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தான். ஒன்றைப் பிடுங்கினால் இரண்டு முளைத்தன. விரல்களில் ரத்தம்.

"பிடுங்கினா நிக்குதாண்ணே?"

"நிக்கல."

"அப்புறம் எதுக்குப் பிடுங்குறே?"

"வேற என்ன செய்யச் சொல்றே?"

நானும் மண்டியிட்டுப் பிடுங்கினேன். பத்து முப்பத்தைந்துக்கு எழுந்து, ஆளுக்கொரு பக்கம் பலகையைத் தூக்கிப் பிடித்தோம். மேகம் ஒன்று வந்து, சூரியனைத் தொடாமல் நின்றது. பத்து நாற்பது ஆனது. எந்தச் சத்தமும் கேட்கவில்லை.

பதினோரு மணிக்கு மேடம் போனில் கூப்பிட்டார்.

"நல்ல படம். புல்லுன்னு எழுதிட்டேன்."

"அண்ணே! புல்லுன்னு எழுதிட்டாங்க!"

அண்ணன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். சீகைக் கன்றுகள் முளைப்பது நின்றுபோயிருந்தது. புல்லை உள்ளங்கையால் தடவிக்கொண்டே இருந்தான்.

"ஆனா ரெண்டு பேர் தெரியறீங்க," என்றார் மேடம். "ஒரு கட்டத்துல ஒரு ஆள் எழுதத்தான் இடம் இருக்கு. யாரை எழுதட்டும்?"

"என்னவாம்?" என்றான் அண்ணன்.

"ஒண்ணுமில்லண்ணே."

தள்ளிப் போய்த் திரும்பி நின்றுகொண்டேன்.

"குழந்தைவேலு," என்றேன்.

"இனிஷியல்?"

"மு."

பேனா ஓடும் சத்தம் கேட்டது. போன் துண்டானது.

அண்ணன் நிமிர்ந்து சுற்றிலும் பார்த்தான்.

"தேவகி?"

நான் அவன் பக்கத்தில் வந்து, தோளைப் பிடித்தேன். அவன் எழுந்து கட்டத்தின் ஓரம்வரை போனான். வாயருகே இரண்டு கைகளையும் குவித்து, மரங்களைப் பார்த்து என் பெயரைச் சொல்லிக் கத்தினான்.